பெண் மீனுக்கு வாள் முளைத்தால்

வீட்டில் ஸ்வார்ட்டெயில் மீன் வளர்க்கிற குடும்பங்களில் என்றாவது ஒருநாள் இந்தக் குரல் கேட்கும்: "அம்மா, நம்ம கேர்ள் ஃபிஷ் பாய் ஆயிடுச்சு!" போய்ப் பார்த்தால் பிள்ளை சொல்வது சரிதான் போலத் தெரியும். மாதக்கணக்கில் உருண்டை வயிறும் மழுங்கின வாலுமாகச் சுற்றிக்கொண்டிருந்த மீனுக்கு, வாலின் கீழ்நுனி நீண்டு, கருப்பு விளிம்பு கட்டின வாள் மாதிரி நிற்கும். கடைக்காரர் "மூணுமே ஃபீமேல்தான்" என்று சொல்லிக் கவரில் போட்டுக் கொடுத்த மீன் அது. தொட்டிக்குள் பொடிக் குட்டிகளும் நீந்திக்கொண்டிருக்கும். அப்போ குட்டி போட்ட அம்மாவே அப்பா ஆயிடுச்சா?

தேடிப் பார்த்தால் இரண்டு பதிலும் கிடைக்கும். "ஆமாம், ஸ்வார்ட்டெயில் பால் மாறும், என் தொட்டியிலேயே பார்த்தேன்" என்று அடித்துச் சொல்பவர்கள் ஒரு பக்கம். "சுத்தக் கட்டுக்கதை" என்று ஒரே வார்த்தையில் முடிப்பவர்கள் மறுபக்கம். உண்மை இரண்டுக்கும் நடுவில் இருக்கு என்று சமாதானம் சொல்லவும் முடியாது. மீனுக்கு மீன் பதில் வேறு. இந்த முறை அதைக் கொஞ்சம் பொறுமையாகப் பிரித்துப் பார்க்கலாம். ஏனென்றால் இந்தக் கேள்விக்கும் வால் நீளம். அது எங்கே போய் முடியும் என்று பிள்ளை வளர்க்கிற எல்லாருக்கும் தெரியும்: "அப்போ மனுஷங்க?" அந்த இடத்துக்கும் வருவோம்.

ஒரு கேள்வி இல்லை, மூன்று

முதலில் ஒரு சொல் விளக்கம். 'பால்' என்றால் மில்க் என்று மட்டும் தெரிந்த பிள்ளைகளுக்கு, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த ஆண்பால், பெண்பாலை ஞாபகப்படுத்திவிடுங்கள். இல்லையென்றால் 'பால் மாறும் மீன்' என்று சொன்னதும் பாதாம் பால், சோயா பால் என்று பேச்சு வேறெங்கோ போய்விடும்.

'மீன் பால் மாறுமா' என்பதற்குள் மூன்று தனிக் கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. குட்டியாக இருக்கும்போது அது ஆண், பெண் என்று முடிவாவது எப்போது, எதனால்? இது ஒன்று. வளர்ந்த மீனின் வெளித்தோற்றம் (வாள், நிறம், துடுப்பு) மாறுமா? இது இரண்டு. முட்டை உண்டாக்கிய அதே உடல் பின்னால் விந்து உண்டாக்குமா, அல்லது விந்து உண்டாக்கிய உடல் முட்டை உண்டாக்குமா? இது மூன்று. விலங்கியலில் 'பால் மாற்றம்' என்று கறாராகச் சொல்வது மூன்றாவதை. வீட்டில் நாம் பார்க்க முடிவது இரண்டாவதை மட்டும். சண்டை எல்லாம் இந்த இடைவெளியில்தான்.

ஸ்வார்ட்டெயிலுக்கு என்ன ஆகிறது

இந்த நம்பிக்கை நேற்று வந்தது இல்லை. 1926-ல் எசன்பெர்க் என்ற ஆய்வாளர் 'பயாலஜிக்கல் புல்லட்டின்' இதழில், ஸ்வார்ட்டெயிலில் 'முழுமையான பால் மாற்றம்' என்று தலைப்பிலேயே சொல்லி ஒரு கட்டுரை எழுதினார். மீன் வளர்ப்புப் புத்தகங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. ஒரு புத்தகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய், கடைசியில் கடைக்காரர் வாய் வரைக்கும் வந்துவிட்டது.

ஆனால் அதற்குப் பிறகு இந்த மீன்களைப் பல தலைமுறைகளாக, யாருக்கு யார் பிறந்தது என்ற குறிப்போடு வளர்த்தார்கள். மைரன் கார்டன் என்ற மரபியலாளர் 1930களில் நியூயார்க்கில் ஆரம்பித்த சேகரிப்பு இன்று டெக்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஸ்வார்ட்டெயிலும் பிளாட்டியும் அவற்றின் உறவினங்களும் அங்கே புற்றுநோய் ஆராய்ச்சிக்காக வளர்கின்றன. அங்கே ஒவ்வொரு மீனுக்கும் ஜாதகம் உண்டு. இப்படிப்பட்ட கவனமான வளர்ப்பில், குட்டி போட்ட பெண் பிறகு அப்பாவாவது ஸ்வார்ட்டெயிலின் வழக்கமான குணமாகத் தெரியவரவில்லை. அப்படியானால் நம் தொட்டியில் நடந்தது என்ன? பெரும்பாலும் கீழே சொல்கிற மூன்றில் ஒன்று.

முதலாவது, தாமதமாக வயசுக்கு வந்த ஆண். ஸ்வார்ட்டெயிலில் எல்லா ஆணும் ஒரே வயதில் முதிர்வதில்லை. சில ஆண்கள் மூன்று நான்கு மாதத்திலேயே வாளோடு நிற்கும். உடல் சின்னதாக இருக்கும். சில ஆண்கள் மாதக்கணக்கில், சில சமயம் ஒரு வருடத்தை ஒட்டியும், பெண் மாதிரியே வளரும். வாள் கிடையாது, உடம்பு பெரிசு. கடையில் அதைப் பெண் என்று கொடுப்பதில் ஆச்சரியமில்லை. இந்த வயது வித்தியாசம் மரபணுவில் இருக்கிறது. பிளாட்டியில் முதிரும் வயதைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணு இடத்தை 1973-ல் கால்மனும் ஷ்ரைப்மனும் விவரித்தார்கள். 2010-ல், உறவினங்கள் சிலவற்றில் எம்சி4ஆர் என்ற மரபணு எத்தனை நகல்களாக இருக்கிறது என்பது ஆண் எப்போது முதிரும், எவ்வளவு பெரிசாகும் என்பதோடு சேர்ந்து போகிறது என்று கண்டுபிடித்தார்கள்.

இதில் இன்னொரு சுவாரசியம் இருக்கு. "பெரிய ஆண் செத்த ரெண்டு வாரத்துல பெண் ஆணாயிடுச்சு" என்று பலர் சொல்வார்கள். 1973-ல் ரிச்சர்ட் பொரோவ்ஸ்கி, இதே குடும்பத்து மீனான வேரியேட்டஸ் பிளாட்டியில் ஒன்றைக் காட்டினார். கூட இருக்கும் மற்ற ஆண்கள் இளம் ஆணின் முதிர்ச்சியைத் தள்ளிப்போட வைக்கும். பெரியவர் இருக்கும்வரை சின்னவர் அடக்கி வாசிக்கிறார். பெரியவர் போனதும் நிறமும் துடுப்பும் வந்துவிடும். ஸ்வார்ட்டெயில் தொட்டியில் நாம் பார்ப்பதும் இதுமாதிரி இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

இரண்டாவது, வயசான பெண். குட்டி போட்டு ஓய்ந்த சில பெண் மீன்களுக்கு சினைப்பை கெட்டுப்போனாலோ, நோய் வந்தாலோ, ஆண் ஹார்மோனின் கை ஓங்கி வாள் கொஞ்சம் நீளும், துடுப்பும் வடிவம் மாறும். தோற்றம் மாறிவிட்டது என்பது நிஜம். ஆனால் அந்த மீன் அப்பாவாகிவிட்டது என்பதற்கு அந்த வாள் சாட்சி இல்லை.

மூன்றாவது, தொட்டியில் இருக்கும் குட்டிகள். ஸ்வார்ட்டெயில், கப்பி, மோலி, பிளாட்டி எல்லாமே குட்டி போடுகிற மீன்கள். இவற்றின் பெண்கள், ஒருமுறை ஆணோடு சேர்ந்தால் விந்தை உடலுக்குள் சேமித்து வைத்துக்கொண்டு, அதன்பின் ஆணே இல்லாமல் பல மாதங்கள், பல ஈற்றுக்குக் குட்டி போடும். கடைத் தொட்டியிலேயே அது நடந்து முடிந்திருக்கும். ஆகவே 'வீட்டில் ஆணே இல்லை, ஆனால் குட்டி வந்தது, பிறகு ஒன்றுக்கு வாள் வந்தது' என்ற மூன்று சம்பவங்களும் உண்மையாக இருந்தும், அதிலிருந்து வந்த முடிவு தப்பாக இருக்கலாம். குட்டி போட்டது ஒரு மீன், வாள் வந்தது வேறொரு மீன்.

எது இருந்தால் நம்பலாம்?

மென்பொருள் வேலையில் "நேத்து வரைக்கும் ஓடிச்சு, இன்னைக்கு மாறிடுச்சு" என்று புகார் வந்தால் முதலில் கேட்பது: நேற்று ஓடியதை யார் பார்த்தார்கள்? பதிவு இருக்கா? பாதி நேரம் நேற்றும் ஓடியிருக்காது. யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். மீனுக்கும் இதே கேள்விதான். 'முன்னே பெண்ணாக இருந்தது' என்பதற்கு என்ன ஆதாரம்? வாள் இல்லை என்பது ஆதாரம் ஆகாது. அந்த மீன் தனித் தொட்டியில் இருந்தபோது குட்டி போட்டதைப் பார்த்தீர்களா? அது ஆதாரம்.

இரண்டாவது பாதிக்கும் ஆதாரம் வேண்டும். வாள் முளைத்த பிறகு, ஆண் வாடையே படாமல் குட்டியிலிருந்து தனியாக வளர்ந்த ஒரு பெண்ணோடு அதை விட்டு, அந்தப் பெண் குட்டி போட வேண்டும். கடையில் வாங்கின பெண் சரிப்படாது, மேலே சொன்ன சேமிப்புக் கணக்கு இருக்கிறதே. இந்த இரண்டும் ஒரே மீனுக்கு நடந்தால், பத்து வயசுப் பிள்ளையானாலும் அந்த நோட்டுப் புத்தகத்தை ஒரு மீனியல் பேராசிரியருக்கு அனுப்பலாம்.

அதுவரை பிள்ளைகள் வாளைப் பார்க்க வேண்டாம், அடித்துடுப்பைப் பார்க்கட்டும். வயிற்றுக்கு அடியில், கழிவுத் துளைக்குப் பின்னால் ஒற்றையாக ஒரு துடுப்பு இருக்கும். பெண்ணுக்கு அது விசிறி மாதிரி விரிந்திருக்கும். ஆணுக்குக் குச்சி மாதிரி ஒடுங்கியிருக்கும். கோனோபோடியம் என்று பெயர். தாமத ஆணுக்கு வாள் தெரியும் முன்பே அந்தத் துடுப்பின் முன்பக்கம் தடித்து நீள ஆரம்பிக்கும். போன் கேமராவில் வாரம் ஒரு படம் எடுத்துத் தேதியோடு வைத்தால், 'திடீரென்று மாறிடுச்சு' என்ற சொல்லில் இருக்கும் 'திடீர்' காணாமல் போய்விடும்.

ஃபைட்டர் மீன் வேறு கதை

இதுவரை சொன்னதை வைத்து 'நன்னீர் மீன் பால் மாறாது' என்று முடித்துவிட்டால் அதுவும் அவசரம். ஃபைட்டர் மீனில் 1930களில் ஒருமுறையும், 1975-ல் லோவ், லார்க்கின் என்ற இருவரும், பெண் மீனின் சினைப்பையை அறுவை செய்து எடுத்துப் பார்த்தார்கள். சில மீன்களில் அந்த இடத்தில் விந்தகம் வளர்ந்தது. நிறமும் துடுப்பும் ஆண் மாதிரி ஆனது. அவை சாதாரணப் பெண்களோடு சேர்ந்து குஞ்சுகளுக்கு அப்பாவாகவும் ஆகின. மூன்றாவது கேள்விக்கும் 'ஆம்' என்ற பதில் இங்கே கிடைத்துவிட்டது.

ஆனால் அங்கே கத்தி எடுத்தது மனிதன். வீட்டுத் தொட்டியில் 'பெண் ஃபைட்டர் ஆணாகிவிட்டது' என்றால், குட்டைத் துடுப்பு வகை ஆண் பெண் என்று விற்கப்பட்டிருக்கும் சாத்தியம்தான் அதிகம். சினை வைத்த பெண் ஃபைட்டரின் வயிற்றடியில் உப்புக்கல் மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். வாங்கும்போது அதைப் பார்த்து வாங்கலாம்.

குட்டிப் பருவத்தில் கதவு திறந்திருக்கும்

முதல் கேள்விக்கு வருவோம். மீன் எப்போது ஆணாகவோ பெண்ணாகவோ ஆகிறது? நம் பாடப்புத்தகத்தில் எக்ஸ்-எக்ஸ் பெண், எக்ஸ்-ஒய் ஆண் என்று இரண்டே வரி. கப்பிக்கு அது கிட்டத்தட்டப் பொருந்தும். பிளாட்டிக்குப் பொருந்தாது. அதற்கு எக்ஸ், ஒய், டபிள்யூ என்று மூன்று பால் குரோமோசோம்கள் உண்டு. டபிள்யூ-ஒய் பெண், ஒய்-ஒய் ஆண் என்றெல்லாம் கணக்குப் போகும்.

சில மீன்களுக்குக் குரோமோசோம் மட்டும் பேசுவதில்லை. தென் அமெரிக்காவிலிருந்து வந்த குட்டி சிக்லிட் மீன் அபிஸ்டோகிராமா. அதன் முட்டைகளையும் குஞ்சுகளையும் 23, 26, 29 டிகிரி செல்சியஸ் என்று மூன்று வெப்பநிலைகளில் வளர்த்து ரோமர், பைசன்ஹெர்ட்ஸ் என்ற இருவர் 1996-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். பெரும்பாலான இனங்களில் சூடு கூடக் கூட ஆண்கள் கூடின. தண்ணீரின் அமிலத்தன்மைக்கும் பங்கு இருந்தது. இது எல்லாம் முதல் சில வாரங்களில் முடிந்துவிடுகிறது. வளர்ந்த மீன் இருக்கும் தொட்டியில் ஹீட்டரைத் திருகினால் எதுவும் மாறாது.

ஜீப்ரா மீன் இன்னும் விசேஷம். கங்கை, பிரம்மபுத்திரா பக்கத்து ஓடை மீன். இன்று உலகம் முழுக்க ஆய்வகங்களில் இருக்கு. அதன் குஞ்சுகள் எல்லாவற்றுக்கும் முதலில் சினைப்பை போன்ற ஓர் உறுப்பு உண்டாகிறது. ஆண் ஆகப் போகிறவற்றில் அது பின்பு விந்தகமாகத் திரும்புகிறது. 2013-ல் வந்த ஓர் ஆய்வில், வளர்ந்த பெண் மீன்களின் முட்டைச் செல்களை அழித்தபோது அவை ஆணாகத் திரும்பின. பெண்ணாக இருப்பது என்பது அந்த உடல் ஒருமுறை முடிவு செய்துவிட்டுத் தூங்குவதில்லை. அந்த முட்டைச் செல்கள்தான் அதைத் தொடர்ந்து காப்பாற்றி வருகின்றன.

மீன் பண்ணைக்காரர்களுக்கு இந்தத் திறந்த கதவு நன்றாகத் தெரியும். தமிழ்நாட்டில் ஜிலேபி என்று சொல்கிற திலாப்பியாவில் ஆண் வேகமாக வளரும். ஆகவே பல நாடுகளில் குஞ்சுகளுக்கு முதல் 3, 4 வாரம் ஆண் ஹார்மோன் கலந்த தீவனம் கொடுத்து, எல்லாவற்றையும் ஆணாக்கிவிடுகிறார்கள். அந்த வாரங்கள் தாண்டினால் வேலைக்கு ஆகாது.

தண்ணீரில் கலப்பது

ஆனால் வளர்ந்த மீனையும் விட்டுவைக்காத ஒன்று உண்டு: தண்ணீரில் கலக்கும் பொருள்கள். கனடாவில் ஒன்டாரியோவின் வடமேற்கில், ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கின ஏரிகள் இருக்கின்றன. அதில் 260-ஆம் எண் ஏரியில் 2001 முதல் மூன்று கோடைகள், கருத்தடை மாத்திரையில் இருக்கும் செயற்கை ஈஸ்ட்ரோஜனைக் கலந்தார்கள். அளவு லிட்டருக்கு 5, 6 நானோகிராம்தான். நகரக் கழிவுநீரில் இப்படிப்பட்ட அளவு காணப்படுவதால்தான் இந்தச் சோதனை. ஃபேட்ஹெட் மின்னோ என்ற சின்ன மீனில் ஆண்கள் முட்டைக் கருவுக்கான புரதத்தை உண்டாக்கின. விந்தகத்துக்குள் முட்டைச் செல்கள் தெரிந்தன. அந்த ஏரியில் அந்த மீன் கிட்டத்தட்ட இல்லாமலே போனது. கலப்பதை நிறுத்தின பிறகு சில வருடங்களில் திரும்பி வந்தது. அதே மின்னோவின் இளஞ்சிவப்பு வகையைத்தான் வட அமெரிக்கக் கடைகளில் ரோசி ரெட் என்று விற்கிறார்கள்.

இதன் எதிர்த்திசையும் உண்டு. ஃப்ளோரிடாவில் காகித ஆலைக் கழிவுநீர் கலந்த ஓடையில், பெண் கொசு மீன்களுக்கு ஆணின் கோனோபோடியம் முளைத்திருந்ததை 1980-ல் எழுதினார்கள். கொசு மீன் ஸ்வார்ட்டெயிலின் சொந்தக்காரர். அவை ஆண் வேஷம் போட்ட பெண்கள். தோற்றமும் உள்ளுறுப்பும் தனித்தனியாகப் போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டாம்.

நிஜமாகவே மாறுகிறவர்கள்

மருந்தும் கத்தியும் இல்லாமல், வாழ்க்கைத் திட்டத்திலேயே பால் மாற்றம் எழுதப்பட்ட மீன்கள் நிறைய உண்டு. பெரும்பாலும் கடலில். அதில் ஒன்று நம் வீட்டுக் குழம்புச் சட்டிக்கே வருகிறது: கொடுவா. ஆஸ்திரேலியாவில் பாரமுண்டி, மலேசியாவில் சியாக்காப், கொல்கத்தாவில் பேட்கி. எல்லாம் ஒரே மீன். முகத்துவாரத்துப் பக்கம் உப்பு நீரில் பொரிந்து, குஞ்சுகள் ஆற்றுக்குள் ஏறி நன்னீரில் வளரும். ஆஸ்திரேலிய ஆறுகளில் 3 முதல் 5 வயதுக்குள் ஆணாக முதிரும். இனப்பெருக்கத்துக்கு முகத்துவாரத்துக்கு இறங்கி வரும். இன்னும் சில வருடங்களில் அதே மீன் பெண்ணாகிவிடும். பெரிய கொடுவா என்றால் பெரும்பாலும் பெண், லட்சக்கணக்கில் முட்டையிடும் பெண். குவீன்ஸ்லாந்தில் 120 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும் பாரமுண்டியைப் பிடித்தால் திரும்ப விட வேண்டும் என்று சட்டமே இருக்கு.

நன்னீரிலும் ஆள் உண்டு. சீனச் சந்தைகளில் உயிரோடு விற்கிற வயல் விலாங்கு, முதலில் பெண், பின்னால் ஆண். 1944-லேயே இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வந்துவிட்டது. கடலில் களவா மீனும் பெண்ணாக ஆரம்பித்து ஆணாகும். நீமோ படத்தால் பிரபலமான கோமாளி மீன் கொடுவா மாதிரி, ஆண் முதலில். கூட்டத்தின் பெரிய பெண் செத்தால், அதன் ஜோடி ஆண் பெண்ணாகிவிடும்.

ஏன் இப்படி? 1969-ல் மைக்கேல் கிசலின் சொன்ன விளக்கம் எளிமையானது. உடம்பு பெரிசாவதால் எந்தப் பாலுக்கு ஆதாயம் அதிகமோ, வளர்ந்த பிறகு அந்தப் பாலாக இருப்பது லாபம். பெரிய கொடுவாப் பெண் வயிற்றில் முட்டைக்கு இடம் அதிகம். சில மீன்களில் பெரிய ஆண்தான் இடத்தைப் பிடித்துப் பல பெண்களோடு சேர முடியும். அங்கே பெண் முதலில், ஆண் பிறகு. குட்டி போடும் நம் தொட்டி மீன்களில் இந்த ஏற்பாடு இல்லை.

"அப்போ மனுஷங்க?"

கொடுவா கதை முடிந்ததும் அந்தக் கேள்வி வரும். பிள்ளையின் வகுப்பிலேயே பெயரையும் உடையையும் மாற்றிக்கொண்ட ஒரு பிள்ளை இருக்கலாம். ஊரிலிருந்து வந்த பாட்டி அதே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கலாம். நம்மில் பலர் வளர்ந்த வீடுகளில் இப்படிப்பட்ட கேள்விகள் "முதல்ல சாப்பிடு, அப்புறம் பேசலாம்" என்று முடிந்தன. அந்த 'அப்புறம்' வந்ததாக ஞாபகம் இல்லை.

என்னைக் கேட்டால், மீனைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டாம். "மீனே மாறுது, அதனால மனுஷங்க மாறுறதும் இயற்கைதான்" என்று வாதாடுகிறவர்கள் உண்டு. "மீன் மாறலாம், மனுஷன் மாற முடியாது, அதனால அது தப்பு" என்கிறவர்களும் உண்டு. இரண்டு பேரும் மீனிடம் கேட்கக் கூடாததைக் கேட்கிறார்கள். ஸ்வார்ட்டெயில் தன் குட்டிகளையே தின்னும். அதை வைத்து நாம் வீட்டில் எதையும் தீர்மானிப்பதில்லையே.

பிள்ளைக்கு இரண்டு பதிலாகப் பிரித்துச் சொல்லலாம். உடம்பைப் பற்றிய பதில்: மனிதன் பாலூட்டி, கொடுவா மாதிரி ஒரு வயசு வந்ததும் உள்ளுறுப்பு தானாக மாறுவது நமக்கு இல்லை. மனிதர்களைப் பற்றிய பதில்: பிறந்தபோது மற்றவர்கள் ஆண், பெண் என்று சொன்னதும், தாங்கள் யார் என்று தங்களுக்குள் தெரிவதும் சிலருக்கு ஒத்துப்போவதில்லை. ஸ்வார்ட்டெயில் யார் என்று துடுப்பைப் பார்த்துத்தான் சொல்ல முடியும், அதற்கு வாய் இல்லை. மனிதருக்கு வாய் இருக்கு. அவர் சொல்வதைக் கேட்கலாம், அவர் சொல்லும் பெயரில் கூப்பிடலாம். அதற்கு ஒரு மீனின் சிபாரிசு தேவையில்லை.

"இதெல்லாம் இந்த ஊர்ப் பழக்கம்" என்று பாட்டி சொன்னால், மெதுவாக ஞாபகப்படுத்தலாம். திருநங்கை, திருநம்பி என்ற மரியாதையான சொற்கள் தமிழில் புழக்கத்தில் இருக்கின்றன. இந்தியாவிலேயே முதலாவதாக அவர்களுக்கென நலவாரியம் அமைத்தது தமிழ்நாடு, 2008-ல். இங்கே வளர்கிற பிள்ளைகளுக்கு இந்த இரண்டு தமிழ்ச் சொற்களைச் சொல்லிக் கொடுங்கள். பள்ளியில் பேசுகிற விஷயத்தைத் தமிழிலும், வீட்டிலும், பேசலாம் என்று அப்போதுதான் அவர்களுக்குத் தெரியும். நாளைக்கு அந்தக் கேள்வி தன்னைப் பற்றியதாகவே இருந்தாலும், கேட்க இடம் இருக்கிறது என்று தெரிய வேண்டும் இல்லையா?

இந்த வார இறுதிக்கு

தொட்டியில் குட்டி போடும் மீன் இருந்தால், பிள்ளையின் கையில் ஒரு நோட்டும் பேனாவும் கொடுங்கள். ஒவ்வொரு மீனுக்கும் ஓர் அடையாளம், ஒரு பக்கம். வாரம் ஒருமுறை அடித்துடுப்பின் படம். குட்டி போடப்போகும் பெண்ணைத் தனித் தொட்டிக்கு மாற்றி, எது போட்டது, எந்தத் தேதி, எத்தனை என்று எழுதட்டும். பிறந்த குட்டிகளில் எது எத்தனையாவது வாரத்தில் ஆணாகத் தெரிகிறது என்பதையும் குறிக்கட்டும். ஒரே ஈற்றில் பிறந்த அண்ணன் தம்பிகளுக்குள் எவ்வளவு வித்தியாசம் வருகிறது என்று பார்த்தாலே, 'மாறிடுச்சு' என்ற புதிரில் பாதி அவிழ்ந்துவிடும்.

குட்டிகள் பெருகிவிட்டால் கடைக்கோ நண்பர்களுக்கோ கொடுங்கள். பக்கத்து ஓடையில் விட்டுவிடாதீர்கள். குவீன்ஸ்லாந்து ஓடைகளில் இன்று ஸ்வார்ட்டெயிலும் கப்பியும் குடியேறி இருப்பது இப்படித் தொட்டியிலிருந்து வெளியே போனதால்தான்.

நோட்டில் என்ன வந்தது என்று எழுதி அனுப்புங்கள். வாள் முளைத்த தேதி மட்டும் போதாது. அந்த மீன் குட்டி போட்டதை யார் பார்த்தது, எந்தத் தேதியில் என்பதையும் சேர்த்து.